வீட்டுக் கோழி வளர்ப்பும் அறுப்பும்: முரட்டுச் சேவல் உட்பட ஒரு முழுமையான வழிகாட்டி

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் குஞ்சு வாங்குவார். அப்புறம் கூண்டு தேடுவார், அப்புறம் தீவனம். நாலைந்து மாதம் கழித்து, வாங்கிய பத்தில் ஐந்து சேவலாக நிற்கும்போதுதான் இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். ஒரு சேவல் வாசலில் நின்று ஆளை விரட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் கூரான கத்திகூட இருக்காது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்குப் பின் தொடங்கிய சிலருக்குக் கூட நின்று உதவியபோதும் இதே தடுமாற்றத்தைத்தான் பார்த்தேன். அதனால் இங்கே கடைசி நாளைப் பற்றி முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு குஞ்சுக்கு வருகிறேன்.

1. வாங்கும் முன் மூன்று கேள்விகள்

முட்டைக்கா, கறிக்கா, இரண்டுக்குமா? கறிக்கென்றே உருவாக்கிய பிராய்லர் இனம் 6 முதல் 8 வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் அதன் எடையைக் காலும் இதயமும் தாங்குவதில்லை. இரண்டுக்கும் உதவும் இனங்களின் சேவல்களுக்கு 16 முதல் 20 வாரம் ஆகும். முட்டை இனத்துச் சேவலில் கறி மிகக் குறைவு. தின்ற தீவனத்துக்குக் கட்டாது.

சேவல்களை என்ன செய்யப் போகிறீர்கள்? ஆண், பெண் பிரிக்காமல் விற்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டை மட்டும் வேண்டுமென்றால் அதுவும் தேவையில்லை, சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். மீதிச் சேவல்களை யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று எல்லாரும் நம்புகிறார்கள். எல்லார் வீட்டிலும் அதே கணக்கில் சேவல் மிஞ்சுவதால் வாங்க ஆள் கிடைப்பதில்லை.

யார் அறுப்பது? உங்களால் முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிகிற ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். கூடவே, உங்கள் பகுதியில் சேவல் வைத்திருக்கவும் வீட்டில் அறுக்கவும் அனுமதி உண்டா என்று விசாரித்துவிடுங்கள். கூவல் சத்தத்துக்காகச் சேவலை மட்டும் தடை செய்யும் இடங்கள் உண்டு.

2. கொட்டில் முதலில், குஞ்சு பிறகு

குஞ்சு வளரும்போது கொட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவர் எவரும் நேரத்துக்குக் கட்டி முடித்து நான் பார்த்ததில்லை. ஆறு வாரம் அவ்வளவு வேகமாக ஓடிவிடும்.

ஒரு கோழிக்குக் கொட்டிலுக்குள் 4 சதுர அடியும் வெளியே உலவ 10 சதுர அடியும் வையுங்கள். இடம் குறைந்தால் முதலில் தெரிவது கொத்தல். ஒன்றின் மேல் இரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை விடாது, சாகும்வரை கொத்தும்.

அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும், எலியும் பாம்பும் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். அதன் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்து ஓர் அடி அகலத்துக்கு மண்ணுக்குள் கிடையாகப் புதைத்துவிடுங்கள். தோண்டி வரும் விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தட்டினால் இரண்டடி தள்ளித் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

காற்றோட்டத் திறப்பு கோழிகள் அமரும் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் வெளியேற வேண்டும், அதே சமயம் தூங்கும் கோழி மேல் காற்று நேராக வீசக்கூடாது. உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால் கோழியின் நுரையீரல் ஏற்கெனவே பாதிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமரும் கம்பு, முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி, முட்டையெல்லாம் எச்சமாக்கிவிடும். நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும்.

பலர் விட்டுவிடுவது ஒரு தனிக்கூண்டு. நோய்ப்பட்டதை ஒதுக்க, புதிதாக வந்ததைத் தனியே வைக்க, முரட்டுச் சேவலை அடைக்க, அறுக்கும் முன்னிரவு பட்டினி போட, எல்லாவற்றுக்கும் அதுதான். தரை கம்பி வலையாக இருந்தால் நல்லது. கொட்டிலோடு சேர்த்து அன்றே செய்துவிடுங்கள்.

3. முதல் ஆறு வாரம்

தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வெப்பம், தீனி, பயிற்சி எல்லாம் அவள் பொறுப்பு.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆறாவது வாரத்தில் இறகு முழுதாக வந்திருக்கும், அதற்கு மேல் வெப்பம் தரும் விளக்கு தேவைப்படாது. குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே விளக்கைப் போட்டு வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். குஞ்சைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விளக்கோடு போராடுவது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

வெப்பமானி சொல்வதைவிடக் குஞ்சுகள் தெளிவாகச் சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீச்சென்று கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு. பரவலாகப் படுத்தும் தின்றும் இருந்தால் சரியாக இருக்கிறது. விளக்கை இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒரு கட்டு அவிழ்ந்து காய்ந்த கூளத்தில் விழுந்தால் கொட்டிலோடு போய்விடும்.

தரையில் நெல் உமியோ மரச்சீவலோ இரண்டங்குலம் பரப்புங்கள். செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கும். நாலைந்து நாளில் கால் இரண்டு பக்கமும் விரிந்து நடக்க முடியாத குஞ்சு ஒன்றிரண்டாவது வரும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் முழுகிச் சாகும். வந்தவுடன் ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு எடுங்கள். தண்ணீர் எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது, ஒன்று குடிக்கத் தொடங்கினால் மற்றவை பார்த்துப் பழகும்.

முதல் வாரம் தினமும் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து கழிவாயை அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாகத் துடைத்தெடுங்கள். பிய்த்து இழுத்தால் தோல் கூடவே வரும்.

4. தீவனமும் தண்ணீரும்

குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் அளவில் இருக்கும். 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு வளர்கோழித் தீவனத்துக்கு மாறலாம். முட்டைக்கோழித் தீவனத்தை முதல் முட்டை வரும் சமயத்தில்தான் தொடங்க வேண்டும். அதில் ஓடு கெட்டியாவதற்காகச் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு அதிகம். முட்டையிடாத உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாருக்கும் ஒரே மூட்டை என்று குஞ்சுக்கும் அதையே போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சேவலும் பெட்டையும் கலந்திருந்தால் எல்லாருக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். தேவைப்படும் பெட்டை தானே வந்து தின்னும்.

பூஞ்சை பிடித்த தீவனத்தை உலர்த்திக்கூடப் போடாதீர்கள், அந்த நஞ்சு வெயிலில் போகாது. தண்ணீர் நிழலில் இருக்கட்டும். வெயில் காலத்தில் குடிக்கும் அளவு இரண்டு மடங்காகும், அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனாலே முட்டை குறைந்துவிடும்.

5. நோயும் ஒரு குறிப்பேடும்

வெள்ளைக் கழிச்சல், கோழி அம்மை போன்றவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. எதை எந்த வயதில் போடுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, குஞ்சு வருவதற்கு முன்பே தேதி குறித்துவிடுங்கள். வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு அதற்கு மருந்து இல்லை.

இளம் கோழிகளை அதிகம் கொல்வது இரத்தக் கழிச்சல். ஈரக் கூளத்தில்தான் அது பெருகும், எனவே தண்ணீர்த் தட்டைச் சுற்றிக் கட்டிபிடித்த கூளத்தைத் தினமும் அள்ளி எறியுங்கள். வெளியிலிருந்து வரும் கோழியை 30 நாள் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். பார்க்க நன்றாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்து வரும்.

எந்த மருந்து கொடுத்தாலும் தேதியோடு எழுதி வையுங்கள். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் கறியும் முட்டையும் சாப்பிடக்கூடாது என்று உறையிலேயே போட்டிருக்கும். அறுக்கும் நாளில் நினைவிலிருந்து கணக்குப் போட்டால் தவறும்.

திடீரென்று பல கோழிகள் ஒரே சமயத்தில் செத்தால் தொடாதீர்கள், அறுக்கவும் கூடாது. கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்.

6. சேவல் முறைக்கத் தொடங்கும்போது

நாலைந்து மாதத்தில் கொண்டை சிவக்கும், குரல் உடையும், மனநிலையும் மாறும். மடியில் உட்கார்ந்து வளர்ந்த சேவல்தான் பெரும்பாலும் முதலில் பாய்கிறது. அது நன்றிகெட்டதனம் இல்லை. மனிதரைக் கண்டு விலகி நிற்க அது கற்கவே இல்லை; உங்களையும் இன்னொரு சேவலாக எண்ணி, யார் பெரியவர் என்று பார்க்கிறது. ஆண் என்று தெரிந்த குஞ்சை நான் இப்போது கொஞ்சுவதில்லை.

பாய்வதற்கு வெகு முன்பே அறிகுறி தெரியும். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி உங்களைச் சுற்றிப் பக்கவாட்டில் நடக்கும். பெட்டையிடம் இப்படி ஆடினால் அது காதல், உங்கள் காலைச் சுற்றி ஆடினால் சவால். அடுத்து செருப்பைக் கொத்திப் பார்க்கும். பிறகு கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்தும். நீங்கள் திரும்பியதும் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். செருப்பைக் கொத்துவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடுவதுதான் பெரிய தவறு. சரிசெய்ய வாய்ப்பு இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

காவல் காப்பதை முரட்டுத்தனத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வானத்தில் நிழல் தெரிந்ததும் குரல் கொடுப்பது, புழுவைக் கண்டால் தான் தின்னாமல் பெட்டைகளை அழைப்பது, நீங்கள் வந்தால் இடையில் வந்து நின்று பார்ப்பது எல்லாம் நல்ல சேவலின் வேலை. அது உங்களிடமிருந்து இரண்டடி விலகி நடக்கிறதா என்பதைப் பாருங்கள். விலகினால் பிரச்சினை இல்லை.

சில சமயம் தூண்டுவது நாம்தான். அதன் கண்ணெதிரே பெட்டையைப் பிடித்து அது அலறினால் எந்தச் சேவலும் பாயும். பெட்டையைப் பிடிக்க வேண்டுமென்றால் இருட்டிய பின் கம்பிலிருந்து எடுங்கள்.

7. பாய்கிற சேவலைக் கையாளுதல்

முதலில் உடை. முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கால்சட்டை. பயமில்லாமல் நின்றால்தான் கீழே சொல்வதை ஒழுங்காகச் செய்ய முடியும். வெறுங்காலோடு நிற்பவர் எப்படியும் பின்வாங்குவார்.

ஓடாதீர்கள். ஓடினால் அது ஜெயித்துவிட்டது, நாளைக்கும் வரும். உதைக்கவும் வேண்டாம். வலித்தால் பயந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். சேவலுக்கு அது சண்டைக்கு நீங்கள் சம்மதித்ததாகத்தான் படும், இன்னும் வேகமாக வரும். எலும்பு முறிந்தால் வேறு துன்பம்.

அதற்கு முகம் காட்டி அசையாமல் நில்லுங்கள். கையில் ஒரு துடைப்பமோ வாளி மூடியோ வைத்து உங்களுக்கும் அதற்கும் நடுவே பிடியுங்கள், அடிப்பதற்கு இல்லை, தடுப்பதற்கு. அது தாக்குதலை நிறுத்தியதும் மெதுவாக அதை நோக்கி ஓரடி வையுங்கள். அது வேறுபக்கம் பார்க்கும், அல்லது தரையைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும், பிறகு நகரும். நகர்ந்த பிறகுதான் நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும். துரத்திக்கொண்டு ஓட வேண்டாம், அதுவும் சண்டைதான்.

இரவில் அமர்ந்திருக்கும்போது எடுத்து, இறக்கை விரியாதபடி கக்கத்தில் அணைத்து, கால்களைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து பதினைந்து நிமிடம் நடப்பதும் சிலவற்றுக்குப் பலிக்கிறது. தண்டனையாகத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, குடலின் பாரம் மூச்சை அழுத்தும்.

வீட்டில் எல்லாரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் நின்று, மற்றவர் ஓடினால் ஓடுபவரை மட்டும் அது குறிவைக்கும்.

சேவலின் காலில் பின்பக்கம் வளரும் கூரான கால் முள்ளைக் குறைக்கலாம். ஆனால் நுனியை மட்டும் அராவி மழுக்குங்கள். உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருக்கிறது, அடியோடு வெட்டினால் கொட்டும்.

இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். திருந்தும் சேவல் அதற்குள் மாற்றம் காட்டிவிடும். எனக்கு வாய்த்த ஒன்று திருந்தவில்லை. அழகாக இருந்ததால் எட்டு மாதம் வைத்திருந்தேன். பெட்டைகளின் முதுகு இறகெல்லாம் போயிற்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கெண்டைக்காலில் துளை விழுந்தது. மூன்றாவது வாரத்திலேயே முடிவெடுத்திருக்க வேண்டும்.

குழந்தையை ஒருமுறை தாக்கிய சேவலுக்கு இந்த மூன்று வாரம்கூட இல்லை. சேவல் எம்பும் உயரமும் குழந்தையின் முகமும் ஒரே மட்டம். அன்றே தனிக்கூண்டு, அந்த வாரமே முடிவு. முள் குத்திய காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாயும் சேவலைச் சொல்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பது நியாயமில்லை. அதன் வித்தில் குஞ்சு பொரிக்கவும் வேண்டாம், குணமும் ஓரளவு வழிவழியாக வரும். அதை எடுத்த பின் ஒரு மாதம் மற்றச் சேவல்களைக் கவனியுங்கள். தலைமை இடம் காலியானால் அதுவரை சாதுவாக இருந்த அடுத்தவன் தலைதூக்குவதுண்டு.

8. அறுப்புக்கு முந்தைய நாள்

அறுக்கும் நாளில் வரும் குழப்பங்களில் பாதி முந்தைய நாள் செய்யாதவற்றால் வருகிறது. கோழி கையில் துடிக்கும்போது கத்தி தேடுபவரையும், இரத்தம் வடிந்த பிறகு அடுப்பு மூட்டுபவரையும் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை ஒன்றோ இரண்டோ மட்டும் அறுங்கள். பழகியவருக்கு ஒரு கோழி இருபது நிமிடம், புதியவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நோய்ப்பட்டதை அறுக்கக்கூடாது. மருந்துக் குறிப்பேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

மாலையில் கோழியைத் தனிக்கூண்டுக்கு மாற்றி 8 முதல் 12 மணி நேரம் தீவனம் நிறுத்துங்கள். தண்ணீர் இருக்கட்டும். தீனிப்பையும் குடலும் காலியாக இருந்தால் தவறிக் கிழிந்தாலும் கறி அழுக்காகாது. கம்பித் தரை வேண்டும் என்று முன்பே சொன்னது இதற்குத்தான், கூளத்தில் விட்டால் அதையே தின்று வைக்கும். 12 மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம், குடல் மென்மையாகிக் கிழிவது அதிகமாகும்.

கத்தியைத் தீட்டி, ஒரு தாளை அந்தரத்தில் பிடித்து அறுத்துப் பாருங்கள். தாள் இழுபட்டால் இன்னும் தீட்டுங்கள். கழுத்துக்கு ஒரு கத்தி, வயிற்றுக்கு ஒரு சிறிய கத்தி.

அறுக்கும்போது கோழியைத் தலைகீழாக இறக்கி வைக்கக் கூம்பு ஒன்று செய்துகொள்ளுங்கள். பெரிய பிளாஸ்டிக் கேனின் அடியை வெட்டி எடுத்துத் தலைகீழாக நெஞ்சுயரத்தில் ஆணியடித்தால் போதும். தலையும் கழுத்தும் மட்டும் கீழே வர வேண்டும். இறக்கை விரிய இடமில்லாததால் கோழி அடித்துக்கொள்ளாது, எலும்பு முறியாது, உங்கள் கையும் நடுங்காது.

முழுக் கோழி முழுகும் பாத்திரம், வெப்பமானி, இரத்தத்துக்கு வாளி, பனிக்கட்டி, சுத்தமான மேசை, ஓடும் தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கட்டும். கழிவுக்கு இரண்டு மூன்றடி ஆழக் குழியும் இன்றே தோண்டிவிடுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் இரவில் நாய் தோண்டிப் போட்டு, கொட்டிலுக்கு வழியும் கற்றுக்கொள்ளும்.

9. அறுப்பு

வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். சூடும் ஈயும் இல்லாத நேரம் அது. முதலில் தண்ணீரை அடுப்பில் ஏற்றுங்கள், அது சூடேறிய பிறகுதான் கோழியிடம் போக வேண்டும்.

இருட்டு விலகும் முன் எடுத்தால் கோழி அமைதியாக இருக்கும். துரத்திப் பிடித்தால் பயத்தில் உடல் சூடேறி, கறியும் கெட்டிப்படும். அணைத்தபடி கொண்டுவந்து, தலை கீழாகக் கூம்பில் இறக்குங்கள். மற்றக் கோழிகள் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும்.

ஒரு கையால் தலையைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தால் கழுத்துத் தோல் இறுகும். தாடைக்குச் சற்றுக் கீழே, காதுமடலுக்கு அடியில் இறகை விலக்குங்கள். அங்கே கத்தியை அழுத்தி ஒரே இழுப்பில் ஆழமாக அறுங்கள், உடனே மறுபக்கமும். கழுத்தின் இருபுறமும் ஓடும் பெரிய இரத்தக் குழாய்கள்தான் குறி. புதியவர்கள் பயந்து மேலோட்டமாக அறுப்பார்கள். தோல் மட்டும் வெட்டுப்பட்டு இரத்தம் சொட்டும். கோழிக்கு இதைவிடக் கொடுமை இல்லை. தாரையாக ஓடாமல் சொட்டினால் ஒரு நொடியும் யோசிக்காமல் மறுபடி, இன்னும் ஆழமாக அறுத்துவிடுங்கள்.

குழாய்கள் சரியாக அறுபட்டால் அரை நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். அதற்குப் பிறகு ஒரு பெரிய துடிப்பு வரும். அது நரம்பின் அனிச்சைச் செயல், வலி இல்லை. இதை முன்பே தெரிந்து வைத்திராதவர் அந்த இடத்தில் பதறிக் கையை விட்டுவிடுவார். தலையை விடாதீர்கள்.

இரண்டு மூன்று நிமிடம் வடியட்டும். மூச்சு நின்று, கண்ணைத் தொட்டால் இமைக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெந்நீருக்குக் கொண்டுபோங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது.

10. இறகு

தண்ணீர் 63 முதல் 65 பாகை. காலைப் பிடித்து முழுக் கோழியையும் முக்கி, மேலும் கீழும் அசைத்தால்தான் இறகுக்கடியில் நீர் போகும். 45 நொடியில் ஒரு பெரிய இறக்கை இறகை இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்னும் பத்து நொடி. முற்றிய சேவலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். 70 பாகையைத் தாண்டினால் தோல் வெந்து, இறகோடு கிழிந்து வரும். கொதிக்கும் நீரை ஊற்றுபவர்கள் தோல் கிழிகிறது என்று குறைப்படுவது இதனால்தான்.

இறக்கை, வால் இரண்டையும் முதலில் பிடுங்குங்கள். ஆறினால் முதலில் இறுகிக்கொள்பவை அவைதான். நெஞ்சுத் தோல் மெல்லியது, அங்கே கொஞ்சம் கொஞ்சமாக. வயதான சேவல் என்றால் இந்த வேலையே வேண்டாம், தோலோடு உரித்துவிடுங்கள். குழம்புக்கு அந்தத் தோலால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

11. வயிற்றைச் சுத்தம் செய்தல்

தலையை எடுங்கள். காலை முட்டி மூட்டில் வளைத்து, இடைவெளியில் கத்தி விட்டால் எலும்பில் படாமல் கழன்றுவிடும். வாலடியில் மஞ்சளாக ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், அதை மேலாகச் சீவி எறியுங்கள். விட்டால் கறியில் ஒரு வாடை வரும்.

அடுத்தது கழுத்துப் பக்கம். தோலைக் கீறி மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் பிரித்து, நெஞ்சோடு ஒட்டியிருக்கும் தீனிப்பையை விரலால் விடுவியுங்கள். இதைச் செய்யாமல் பின்பக்கம் இழுத்தால் பாதியில் அறுந்து உள்ளேயே நிற்கும்.

இப்போது கோழியை மல்லாத்தி, கழிவாய்க்கும் நெஞ்செலும்பு முனைக்கும் நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு சிறு கீறல் போடுங்கள். தூக்கிப் பிடிப்பது கத்தி குடலில் படாமலிருக்க. கீறலை விரலால் அகட்டி, கழிவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, குடலோடு சேர்த்து விடுவியுங்கள். பிறகு கையை நெஞ்செலும்பின் உட்புறமாக ஒட்டியே ஆழமாகக் கொண்டுபோய், எல்லாவற்றையும் அணைத்தாற்போல் ஒரே சீராக வெளியே இழுங்கள். நுரையீரல் மட்டும் விலா எலும்புகளுக்கிடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், விரல் நுனியால் சுரண்டி எடுங்கள்.

ஈரலைக் கவனமாகப் பாருங்கள். கருஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ கட்டியோ இருந்தாலும், வயிற்றில் கெட்ட நாற்றமோ நீரோ இருந்தாலும் அந்தக் கோழியைச் சாப்பிட வேண்டாம், குழிக்குப் போகட்டும். ஈரலோடு ஒட்டிய பச்சை நிறப் பித்தப்பையைச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து வெட்டியெடுங்கள். கொஞ்சம் ஈரல் வீணானாலும் பரவாயில்லை. பித்தம் கசிந்த கறியின் கசப்பு கழுவினால் போகாது.

அரைவைப் பையை விளிம்பில் பிளந்து, உள்ளிருக்கும் கல்லைக் கொட்டி, மஞ்சள் தோலை உரித்தால் அதுவும் சமையலுக்கு ஆகும். குடல் கிழிந்துவிட்டால் பதற வேண்டாம். உடனே நிறைய நீரில் கழுவி, அழுக்குப் பட்ட சதையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

12. குளிர்வித்தலும் காத்திருப்பும்

சுத்தம் செய்த கறியை உடனே பனிக்கட்டி நீரில் போடுங்கள். நாலு மணி நேரத்துக்குள் 4 பாகைக்கு வந்துவிட வேண்டும், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகுவது வெதுவெதுப்பில்தான். அது குளிரும் நேரத்தில் கத்தி, மேசை, கூம்பு எல்லாவற்றையும் சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசலில் துடைத்துவிடுங்கள். இறகும் குடலும் குழிக்குள்.

புதியவர்கள் கடைசியாகச் செய்யும் தவறு, அன்று மதியமே சமைப்பது. இறந்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், அந்த நிலையில் வேகவைத்தால் ரப்பர்தான். அப்புறம் இனத்தையும் தீவனத்தையும் குறை சொல்வார்கள். மூடி, குளிர்பெட்டியில் ஒரு நாள் வையுங்கள், முற்றிய சேவல் என்றால் இரண்டு நாள். தொடையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மூட்டு தளர்ந்து இலகுவாக ஆடினால் சமைக்கலாம், உறைய வைக்க வேண்டுமென்றாலும் அதற்குப் பிறகுதான். வயதான சேவலை வறுக்க முயலாதீர்கள், மிதமான தீயில் மூடிவைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.